நாளைய வானத்தைச் சொன்ன மாலுமி

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்த புதிதில், எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறைக்கு நாள்தோறும் காலையில் ஒரு பத்திரிகை வரும். அதன் ஒரு மூலையில் வானிலை அறிக்கை இருக்கும். மழை பெய்யக்கூடும், காற்று பலமாக வீசக்கூடும், கடல் கொந்தளிக்கக்கூடும் என்று அதன் ஒவ்வொரு வசனமும் ‘கூடும்’ என்றே முடியும். மழையில்லை என்று அறிக்கை சொன்னால் மறவாமற் குடையை எடுத்துச் செல்லுங்கள் என்று நண்பர்களிடம் நான் நகையாடுவதுண்டு. ஒருநாள் அதே பகடியை வகுப்பிலும் சொன்னேன். மாணவர் யாவரும் சிரித்தனர். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்தபின் காரணம் கேட்டேன். தன் தகப்பனார் வானொலியில் அந்த அறிக்கையைக் கேட்ட பின்னரே தோணியைக் கடலில் இறக்குவார் என்று தாழ்ந்த குரலிற் கூறினான்.

அன்று எனக்குண்டான நாணம் எளிதில் ஆறவில்லை. நான் எள்ளி நகையாடிய அந்த மூலைச் செய்தியை முதன்முதலிற் பத்திரிகையில் எழுதியவர் யார் என்று தேடலானேன். றொபேட் பிற்ஸ்றோய் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரியே அவர் என அறிந்தபோது வியப்புற்றேன். ஏனெனில் அப்பெயர் எனக்குப் புதியதன்று. சாள்ஸ் டார்வினை உலகம் சுற்றி அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் அவர். இன்னொருவருடைய வரலாற்றின் ஓரத்தில் நிற்பவராகவே அவரை நான் அதுவரை அறிந்திருந்தேன்.

பிற்ஸ்றோய் 1805ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி இங்கிலாந்தில், இரண்டாம் சாள்ஸ் மன்னரின் வழிவந்த பிரபு குடும்பமொன்றிற் பிறந்தார். பன்னிரண்டு வயதிற் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தவர், 1824இல் நடந்த உத்தியோகப் பரீட்சையில் முழுப் புள்ளிகளையும் பெற்றுத் தேறினார். 1828இல் தென்னமெரிக்காவின் தென்கோடியில் அளவைப்பணி செய்துகொண்டிருந்த பீகிளின் தலைவர், தனிமையும் சோர்வும் தாங்காது தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வெற்றிடத்துக்கு வந்தவர் பிற்ஸ்றோய். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், பிரித்தானிய வெளிநாட்டமைச்சராயிருந்த அவருடைய தாய்மாமனார் காசில்றேயும் அவ்வாறே இறந்திருந்தார். இருவரின் முடிவும் அவர் நெஞ்சில் ஓர் அச்சமாக நிலைத்திருந்தது. இரண்டாம் பயணத்திற் பேச்சுத்துணைக்குக் கற்றறிந்த ஒருவரை அவர் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். இருபத்திரண்டு வயது டார்வின் 1831ஆம் ஆண்டு டிசெம்பரிற் கப்பலேறியது இவ்வண்ணமே.

ஆயினும் அவரது பிற்கால வாழ்வுக்கு வித்திட்டது அதற்கு முந்திய ஒரு துயரம் என்றே நான் கருதுகிறேன். தலைமையேற்ற சில வாரங்களில், 1829ஆம் ஆண்டு சனவரியில், பிளேற் நதியின் முகத்துவாரத்தருகே பம்பேரோ எனப்படும் கடுங்காற்றிற் பீகிள் அகப்பட்டது. பாரமானியில் இரசம் இறங்கி எச்சரித்தும் இளந்தலைவர் அதற்கு உரிய மதிப்பளிக்கவில்லை. மாலுமிகள் இருவர் கடலில் மாண்டனர். அதற்காக அவர் பின்னர் தம்மையே நொந்துகொண்டார்.

1836இல் நாடு திரும்பியவர், பின்பு பாராளுமன்ற உறுப்பினரானார். 1843இல் நியூசிலாந்தின் தேசாதிபதியாகவும் சென்றார். அங்கு மாவோரி மக்களுக்கும் வெள்ளையர்க்கும் நிலத்தின் பொருட்டு மூண்ட மோதலொன்றில், பிழை வெள்ளையர் பக்கமே என்று தீர்ப்புரைத்தார். குடியேறியோர் கொதித்தெழுந்தனர். 1845இல் அவர் பதவியிலிருந்து திருப்பியழைக்கப்பட்டார். மனத்துக்குச் சரியெனப் பட்டதைச் சொல்வதும், அதனால் ஏச்சு வாங்குவதும் அவருக்கு அன்றே பழகிவிட்டன.

1854இல் இலண்டன் வர்த்தகச் சபையின் கீழ் ஒரு சிறிய காரியாலயம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலிலுள்ள கப்பல்களிலிருந்து காற்று, வெப்பம், அமுக்கம் ஆகியவற்றின் குறிப்புகளைத் திரட்டி அட்டவணைப்படுத்துவதே அதன் வேலை. நாளை என்ன நடக்கும் என்று சொல்லும்படி அவரை எவரும் கேட்கவில்லை.

1859ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி நிலைமையை மாற்றியது. மெல்போணிலிருந்து பொன் தேடிச் சென்றோரையும் அவர்களது செல்வத்தையும் ஏற்றிவந்த றோயல் சாட்டர் என்னும் கப்பல், லிவர்பூலை அடையச் சிறிது தூரமே இருந்த நிலையில், அங்கிள்சித் தீவின் பாறைகளில் மோதிச் சிதறியது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே புயலில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. பிற்ஸ்றோய் அந்நாள்களின் குறிப்புகளையெல்லாம் கூட்டி ஆராய்ந்தார். புயல் திடீரென வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு வழியே நகர்ந்து வந்திருந்தது என்று கண்டார்.

மாணவர்க்கு நான் விளக்கும் விதத்திலேயே இதனை இங்கும் சொல்கிறேன். வளிக்கும் நிறையுண்டு, அந்த நிறையே அமுக்கம். அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள வளி விரைகிறது. புவியின் சுழற்சி அதனைத் திருப்பிவிட, அது சுழலாகிறது. இச்சுழல் இடம்விட்டு இடம் பெயர்வது. ஓரூரில் நின்று வானத்தைப் பார்ப்பவனுக்குத் தன் தலைக்கு மேலுள்ள முகில் மட்டுமே தெரியும். பல ஊர்களில் ஒரே வேளையில் அளந்த அமுக்கத்தை ஒரே படத்திற் குறித்தாலோ, புயலின் முழு வடிவும் தோன்றும். அக்குறிப்புகளை உடனே ஓரிடத்திற் சேர்க்க அப்போது மின்தந்தி வந்திருந்தது. புயல் கடலைக் கடக்கப் பல மணி நேரம் செல்லும். தந்தியோ நொடியிற் செல்லும். முன்னறிவிப்பின் இரகசியம் வானத்தை உற்றுப் பார்ப்பதன்று, காற்றை முந்திச் செல்லும் கம்பியே என்பதை அறிந்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

1861ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் புயல் எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கினார். தந்தி கிடைத்ததும் துறைமுகக் கம்பத்திற் கூம்பும் உருளையும் ஏற்றப்படும், இரவில் விளக்குகள். அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அடுத்த இரண்டு நாள்களுக்குரிய வானிலை வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே நிகழக்கூடியது என்னும் பொருள்தரும் சொல்லொன்று இடம்பெற்றிருந்தது. நான் நகைத்த ‘கூடும்’ அன்றே அங்கு இருந்தது! தாம் கூறுவது தீர்க்கதரிசனமன்று, சோதிடமுமன்று, அவதானங்களிலிருந்து பெற்ற அபிப்பிராயமே என்று அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்.

உலகம் அந்த வேறுபாட்டைக் கேட்க விரும்பவில்லை. அறிவித்த மழை வராத நாளிற் பத்திரிகைகள் பரிகசித்தன. அவரது அறிவிப்பை வெளியிட்ட டைம்ஸே குறை கூறியது. எச்சரிக்கைக் கூம்பைக் கண்டு படகுகள் கரையில் நின்றுவிட்டதால், மீன்பிடி முதலாளிமார் தம் வருவாய் போயிற்றென்று முறையிட்டனர். தக்க கொள்கையை நிறுவுமுன் ஊரறியச் சொல்வது முறையன்று என்று விஞ்ஞானிகள் சிலர் முகஞ்சுளித்தனர். பொய்த்த எச்சரிக்கையால் ஒருநாட் கூலி போகும். சொல்லாத எச்சரிக்கையால் உயிர் போகும். இரண்டையும் எடைபோட்ட பிற்ஸ்றோய், ஏளனத்தை ஏற்றுக்கொண்டார். ஏழை மீனவர் வாழும் கரையோரங்களிற் பாரமானிகளை நிறுவுவித்தார். சொந்தப் பணத்தையும் பொதுப்பணிக்கே செலவிட்டார்.

ஆனால் உடல் தளர்ந்தது, செவிப்புலன் குன்றியது, பழைய அச்சம் மீண்டும் உள்ளத்தைக் கவ்வியது. 1865ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதி, ஒரு ஞாயிறு காலையில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். குடும்பத்துக்கென எதுவும் எஞ்சவில்லை. நண்பர்கள் நிதி திரட்டினர். கொள்கையில் அவரோடு முரண்பட்டிருந்த டார்வினும் நூறு பவுண் கொடுத்தார்.

அவர் மறைந்த மறுவருடம், விசாரணைக் குழுவொன்றின் அறிக்கையைத் தொடர்ந்து எச்சரிக்கைகளும் அறிவிப்புகளும் நிறுத்தப்பட்டன. பொறுக்கமாட்டாது குரலெழுப்பியவர்கள் கடலோடு வாழ்ந்தவர்களே. 1867இல் எச்சரிக்கைக் கூம்புகள் மீண்டும் ஏறின; 1879இற் பத்திரிகை அறிவிப்புகளும் திரும்பின. 2002இற் பிரித்தானியக் கடல் வானிலை அறிக்கையிற் கடற்பகுதியொன்றுக்குப் பிற்ஸ்றோய் என்று பெயர் சூட்டினர்.

‘கூடும்’ என்ற சொல் இன்றும் நீங்கவில்லை, நீங்கவும் மாட்டாது. 1963இல் எட்வேட் லோரன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அதன் காரணத்தைக் காட்டினார். கணினியில் ஓர் எண்ணின் கடைசி மூன்று தானங்களை விட்டுக் கணித்தபோது, சிறிது நேரத்தில் முற்றிலும் வேறான வானிலை அவருக்கு விடையாகக் கிடைத்தது. தொடக்கத்திலுள்ள அணுவளவு பிழையும் நாள் செல்லச் செல்லப் பெருகும். எங்களது போன்ற வெப்ப நாடுகளிற் பிற்பகல் இடிமழை சில மைல் அகலத்தில் எழுந்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவது. எந்த ஊரில் விழுமென்று காலையிற் சொல்வது மிகக் கடினம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் ஒருநாள், பாடத்தை ஒதுக்கிவைத்து, பிற்ஸ்றோயின் கதையை அதே வகுப்பிற் சொன்னேன். என் பகடிக்கு மன்னிப்பும் கேட்டேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை பத்திரிகை வந்தபோது வானிலை மூலையையே முதலில் வாசித்தேன். வடகீழ்க் காற்று பலமடையக்கூடும் என்றிருந்தது. அவனுடைய தகப்பனார் அன்று கடலுக்குச் சென்றாரா என்று விசாரித்தேன். தோணி கரையில் இருக்கிறது என்றான்.