ஐடா ஸ்கடர் அம்மையார்

வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களில் வாழும் மாணவர்கள் திண்டிவனத்தை அறிவர். புதுச்சேரிக்கு வடமேற்கே, சென்னை செல்லும் வழியில் உள்ள ஊர் அது. ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கைப் போக்கு அவ்வூரில் ஒரே இரவில் மாறியது.

அப்பெண்ணே ஐடா ஸ்கடர். அவர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர், தந்தையாரும் மருத்துவரே. அவர்கள் வழியிற் செல்லும் எண்ணம் ஐடாவுக்குச் சிறிதும் இல்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், நோயுற்ற அன்னையாரைப் பேணும் பொருட்டே திண்டிவனம் வந்தார். ஒருநாள் இரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்று நோவால் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஐடா மருத்துவம் அறியார். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறவும், ஆடவர் வருவது தம் வழக்கத்திற்கு ஒவ்வாது என்று மூவரும் திரும்பினர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் மாண்டனர்.

மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். அச்சமும் நாணமும் இன்றி நோயாளி பற்றிக்கொள்ளத்தக்க ஒரு கைதான் இல்லை. ஐடா அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே வேலூர் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குத் துணை, மருத்துவம் பயிலாத சலோமி என்னும் பெண்மணியே. 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். நற்குடும்பத்தார் தம் பெண்களை அத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது! 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது; 1946இல் செவிலியர் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது.

1949இல் ஜேக்கப் சாண்டி என்னும் அறுவை மருத்துவர் வேலூரில் மூளை, நரம்பு மருத்துவப் பகுதியை நிறுவினார். இந்தியாவில் அதுவே முதலாவது. மூளையில் தோன்றும் கட்டியை அகற்றுவது மருத்துவரின் திறம். அதன் பின்னரோ செவிலியரின் அரும்பணி தொடங்குகிறது.

பாகூர்ப் பக்கத்து உழவர் ஒருவருக்கு இத்தகைய அறுவை நடந்ததாகக் கொள்வோம். கண்விழித்தவருக்கு இடம் விளங்கவில்லை, நாள் தெரியவில்லை, நாவில் சொல் எழவில்லை. சாந்தமானவர் மனைவியைச் சினந்து கடிகிறார். பேய் பிடித்ததோ என்று சுற்றத்தார் கலங்குகின்றனர். நல்ல செவிலி அவர் கண்ணுக்கு எதிரே அமர்ந்து, பெயர் சொல்லி அழைத்து, ஊரையும் நாளையும் சலிப்பின்றி மீண்டும் மீண்டும் கூறுவார். பேச இயலாதவரிடம் தலையசைப்பால் விடை கூறத்தக்க வினாக்களையே கேட்பார். பொய்யான உறுதி எதுவும் தாரார். அச்சினம் மூளைப் புண்ணின் விளைவாகலாம், வெறுப்பினால் வந்ததன்று என மனைவிக்கு விளக்குவார். அவள் முகம் அப்போதுதான் சற்றுத் தெளியும். ஆயினும், தலைவலி மிகுந்தாலும் நோயாளி உறக்கத்தில் ஆழ்ந்துகொண்டே போனாலும் அதனை மனச்சோர்வு என்று விட்டுவிடாமல், உடனே மருத்துவருக்கு அறிவிப்பார்.

ஐடா அம்மையார் மூளை அறுவை செய்தவர் அல்லர். வேலூரில் அப்பணி தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் மலையில் வாழ்ந்துவந்தார். ஆனால் அப்படுக்கைகளின் அருகில் நிற்பதற்குப் பயிற்சி பெற்ற செவிலியர், அவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்தவர்கள். 1960ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் கோடைக்கானலில் காலமானார்.