கூலிக்கு வழக்காடிய முதலாளி: ராபர்ட் ஓவன்

கூலியைக் கூட்டினால் கம்பெனி படுத்துவிடும் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டி பெரட்டுக் களத்தில் நின்ற காலம் முதல் கேட்ட பேச்சுதான். இது சரியில்லை என்று ஒரு முதலாளியே இருநூறு வருஷத்துக்கு முன் நடத்திக் காட்டினார் என்றால் நம்புவீர்களா? அவர்தான் ராபர்ட் ஓவன்.

1771-இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயதில் படிப்பை விட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். இருபது வயது வாக்கில் மான்செஸ்டரில் ஐந்நூறு பேர் வேலை பார்த்த பஞ்சாலைக்கு மேனேஜர் ஆகிவிட்டார். 1799-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் ஆலையை 60,000 பவுனுக்கு வாங்கினார்.

அந்த ஊர் நம் பழைய தோட்டம் மாதிரியேதான். வேலையும் முதலாளியிடம், வீடும் முதலாளியிடம். கடைக்காரர்கள் மட்டமான சரக்கைக் கடனுக்குக் கொடுத்து அநியாய விலை போட்டார்கள். சுமார் 500 ஏழைப் பிள்ளைகள் ஆலையில் உழைத்தார்கள்.

ஓவன் நல்ல சாமான்களை மொத்தமாக வாங்கி, விலை குறைத்து விற்கக் கடை திறந்தார். கடையின் லாபத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். அமெரிக்கப் பஞ்சு வரவு தடைபட்டு ஆலை நான்கு மாதம் நின்றபோது, ஒருவர் கூலியையும் பிடிக்கவில்லை. அதற்கு மட்டும் 7,000 பவுன் செலவு. அப்படியும் ஆலை படுத்துவிட்டதா? இல்லை. லாபத்தில்தான் ஓடியது.

1815-இல் கிளாஸ்கோ நகரில் ஆலை முதலாளிகள் கூட்டம். ஓவன் இரண்டு தீர்மானம் கொண்டு வந்தார். ஒன்று, இறக்குமதிப் பஞ்சுக்கான வரியை நீக்க வேண்டும். அத்தனை பேரும் ஆரவாரமாக ஆதரித்தார்கள். இரண்டாவது, ஆலைப் பிள்ளைகளின், தொழிலாளிகளின் நிலையைத் திருத்த வேண்டும். அதை வழிமொழிய ஓர் ஆள் இல்லை! தனக்கு வரி குறைய வேண்டும், உழைப்பவனுக்கு எதுவும் கூடக்கூடாது. அந்த மனசை அன்றே அவர் கண்டுகொண்டார். கூலி பெறுபவன்தான் சரக்கு வாங்குபவனும். அவன் கை வெறுங்கையானால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று வாதாடினார். 1819-இல் ஒரு சட்டம் வந்தது. ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களைப் பஞ்சாலையில் சேர்க்கக்கூடாது என்றது. ஆனால் போய்ப் பார்க்க அதிகாரி கிடையாது. ஏட்டுச் சுரைக்காய்தான்.

பிற்காலத்தில் ஓவன் ஒரு கணக்கும் போட்டார். முன்பு ஆறு லட்சம் பேர் செய்த வேலையை, யந்திரத்தின் துணையால் நியூ லனார்க்கின் 2,500 பேர் செய்கிறார்கள். ஆறு லட்சம் பேர் சாப்பிட்டிருக்கக்கூடிய செல்வம் எங்கே போயிற்று? வட்டியாகவும் லாபமாகவும் முதல் போட்டவர்களிடம் போயிற்று என்பதே அவர் கண்ட விடை.

குறையும் உண்டு. ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு நேரே, முதல்நாள் நடத்தையைக் காட்டும் வர்ணக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு என்றால் மோசம், வெள்ளை என்றால் மிக நன்று. நல்ல துரைதான், ஆனாலும் துரைதான். தன் மக்கள் தன் தயவில் இருக்கும் அடிமைகளே என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

1825-இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பை அமைத்து, சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1834-இல் அவர் முன்னின்ற மாபெரும் தொழிற்சங்கமும் சில மாதங்களில் சிதறியது. 1858-இல் பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

தோற்றுப் போனவரா? 1844-இல் ராச்டேல் ஊரில் 28 பேர், அவர் கருத்தைப் பின்பற்றிக் கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் பிறந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் அதே வழியில் வந்ததுதான்.

நல்ல முதலாளி வருவார் என்று நாம் காத்திருந்தால், அவர் போனதும் நல்லதும் போய்விடும். நாமே சேர்ந்து கட்டியதுதான் நம் பிள்ளைகளுக்கு நிற்கும்.