அகல்யாபாய் ஹோல்கார் அம்மையார்

நம் சங்கத்து அன்பர்கள் கூடுமிடங்களிலே ஒரு பேச்சு அடிக்கடி எழக் கேட்டிருக்கின்றோம். இரு கட்சியாரையும் பொறுமையோடு விசாரித்து முடிவு சொல்லும் ஆடவனைப் பார்த்து, இவன் பெண்பிள்ளைபோல நடக்கின்றான் என்று இகழ்வர். பொதுக் காரியத்தில் இறங்கிய பெண்மணி ஒருத்தி அதனைத் திறம்பட முடித்துவிட்டாலோ, இவள் ஓர் ஆண்பிள்ளை என்று புகழ்வர். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே பிழையினின்று பிறந்தவை. இரக்கம், பொறுமை, செட்டு, பசித்த முகமறிந்து இடுதல் ஆகிய குணங்கள் அடுக்களைக்கே உரியன, ஆளுமிடத்துக்கு ஆகா என்பதே அப்பிழை. அதனை மறுக்க நியாயங்களை அடுக்குவதினும், அக்குணங்களைக் கொண்டே 28 வருஷகாலம் ஒரு ராஜ்யத்தை ஆண்டு காட்டிய மாதரசி ஒருவரின் சரித்திரத்தைச் சொல்வது நலமென எண்ணினோம். அவர்தாம் மாளவ தேசத்து அகல்யாபாய் ஹோல்கார்.

அம்மையார் 1725-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி மகாராஷ்டிர தேசத்துச் சௌண்டி என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் மாங்கோஜி ஷிண்டே அவ்வூர்ப் பாட்டீல். நம் நாட்டு வழக்கிலே சொன்னால் ஊர் மணியக்காரர். குலம் ஆடு மேய்க்கும் தங்கர் குலம். அதே குலத்திலே பிறந்து, பேஷ்வாவின் சேனையிலே படிப்படியாக உயர்ந்து, மாளவத்திலே பெரும் பகுதிக்கு அதிபதியானவர் மல்ஹார் ராவ் ஹோல்கார். அவர் வழிப்பயணத்திலே சௌண்டியில் தங்கியபோது, கோயிலிலே இச்சிறுமியின் அடக்கத்தைக் கண்டு தம் மகனுக்குக் கேட்டார் என்பது கர்ணபரம்பரை. 1733-இல் எட்டு வயதுப் பெண் அவர் வீட்டு மருமகளானாள். பால்ய விவாகம் அக்காலத்து வழக்கம். அதனை நாம் புகழ வரவில்லை.

கணவர் கண்டே ராவ் 1754-இல் கும்பேர்க் கோட்டை முற்றுகையிலே குண்டு பட்டு மாண்டார். அம்மையார்க்கு அப்பொழுது இருபத்தொன்பதாவது வயது. மாலே ராவ் என்னும் ஆண்மகவும் முக்தாபாய் என்னும் பெண்மகவும் இருந்தனர். அவர் உடன்கட்டை ஏறத் துணிந்தார். அவ்வேளையில் எத்தனையோ போர்க்களங்களைக் கண்ட கிழவராகிய மல்ஹார் ராவ் மருமகளின் முன்னே நின்று கண்ணீர் விட்டு, தம் முதுமைக்கு வேறு பற்றுக்கோடு இல்லையென்று மன்றாடித் தடுத்தார். ஆணையிட்டுத் தடுத்திருக்கலாம், அழுது தடுத்தார். பெண்மைக்குரியதென்று உலகம் ஒதுக்கும் கண்ணீர் அன்று ஒரு சேனாபதியின் கண்ணிலே தோன்றியதனாலன்றோ பின்னர் ஒரு தேசம் வாழ்ந்தது!

அதன்பின் அம்முதியவர் செய்த காரியம் இன்றைக்கும் எல்லா மாமனாரும் செய்யக்கூடியதன்று. விதவை மருமகளை மூலையில் உட்கார வையாமல், வரிக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் அவர் கையிலே கொடுத்தார். தாம் போர்மேல் சென்ற காலத்திலே சேனைக்கு வேண்டிய பொருளும் தளவாடமும் சேர்த்தனுப்பும் பொறுப்பையும் ஒப்புவித்தார். 1765-இல் அவர் மருமகளுக்கு எழுதிய கடிதமொன்றிலே பீரங்கிப் பட்டாளத்தோடு குவாலியருக்குச் செல்லவும், பீரங்கி வார்க்கும் வேலையை மேற்பார்க்கவும் கட்டளை காணப்படுகின்றது. வீட்டுச் செலவைக் காசு சிந்தாமல் நடத்தும் கைக்கு ராஜ்யச் செலவும் வசப்படும் என்பதை அவர் கண்டிருந்தார் போலும்.

நிற்க. 1766-இல் மல்ஹார் ராவ் காலமானார். பேரன் மாலே ராவ் பட்டமேறி ஒரு வருஷம் நிரம்புமுன்னே, சித்தங்கலங்கி 1767-இல் மாண்டான். கணவன், மாமன், மகன் மூவரும் போய்விட்டனர். திவான் கங்காதர் யசுவந்த் என்பார், அம்மையார் ஒரு சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டு மானியத்தோடு ஒதுங்கியிருப்பதே முறை என்றார். சிறுவன் பெயரால் ராஜ்யம் தம் கைக்கு வரும் என்பது அவர் கணக்கு. பேஷ்வாவின் சிறிய தந்தையாகிய ரகுநாத ராவும் சேனையோடு வந்து அவர்க்குத் துணை நின்றார்.

அம்மையார் அஞ்சவுமில்லை, வீண்வீரம் பேசவுமில்லை. அண்டை மராத்தியத் தலைவர்களுக்கு ஓலை போக்கினார். தம் படையைத் திரட்டினார். பேஷ்வா மாதவ ராவிடம் முறையிட்டார். ரகுநாத ராவுக்கு அவர் சொல்லியனுப்பிய செய்தியே மற்ற யாவற்றினும் கூரியது. ஒரு பெண்ணோடு பொருது வென்றால் அவருக்குப் புகழில்லை, தோற்றாலோ என்றும் நீங்காத வசை என்பது அதன் கருத்து. பெண்ணாயிருப்பதைக் குறையென மறைத்துக்கொள்ளாமல், அதனையே கேடயமாகப் பிடித்த சாமர்த்தியம் இது. பேஷ்வாவின் தீர்ப்பும் அம்மையார் பக்கமே வந்தது. ரகுநாத ராவ் போர் செய்யாமலே திரும்பினார்.

பட்டத்துரிமை நிலைத்ததும் அவர் முதலிலே செய்தது, அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்ததுதான். ஹோல்கார் குலத்தவராகிய துக்கோஜி ராவ் என்னும் வீரரைச் சேனைக்குத் தலைவராக்கினார். துக்கோஜி வயதிலே மூத்தவர். ஆயினும் அம்மையாரை அன்னை என்றே அழைத்து வந்தார். படையெடுப்பும் வெளிவிவகாரமும் பெரும்பாலும் அவருக்கு. நாட்டாட்சியும் நீதியும் அம்மையார்க்கு. இருவர்க்கும் பிணக்கே நேரவில்லை என்று சொல்வதற்கில்லை. துக்கோஜி போர்ச்செலவுக்கென்று ஓயாமல் பணம் கேட்பார். அம்மையார் கணக்குக் கேட்பார். ஆயினும் அந்த ஏற்பாடு இறுதிவரை முறியவில்லை.

நருமதைக் கரையிலுள்ள மகேசுவரம் அவருடைய இராஜதானி. விடியுமுன் எழுந்து பூஜையும் தானமும் முடித்து, பிற்பகலிலே சபைக்கு வந்தாரென்றால் அந்திவரை குடிகளின் வழக்கைக் கேட்பார். இரவுணவுக்குப்பின் மறுபடியும் காரியம் பார்ப்பார். திரைமறைவு கிடையாது, எவரும் நேரே வந்து முறையிடலாம். பிள்ளையில்லாத செல்வர் இறந்தால் அவர் பொருளிலே அரசாங்கம் கைவைப்பது அந்நாளில் சாதாரணம். அவ்வாறு கணவரை இழந்த மாதர் சிலர் தம் பொருளைத் தாமாகவே அம்மையாரிடம் கொண்டுவந்து வைத்தபொழுதும் அவர் ஏற்கவில்லை. ஊருக்குப் பயன்படும் அறங்களிலே அவர்களே செலவிடுமாறு சொல்லியனுப்பினார். இந்தூர் வியாபாரி ஒருவரின் விதவை, துக்கோஜி தன் சொத்திலே பங்கு கேட்கின்றார் என்று முறையிட்டபோது, சேனாபதி என்றும் பாராமல் துக்கோஜியைத் தடுத்து, சொத்து முழுதும் அவளுக்கே என்று தீர்ப்பளித்தார். விதவையின் துயரை விதவையே அறிவாள்.

இதனால் அவரைக் கடுமையறியாதவர் என்று கொள்ளலாகாது. ராம்புரத்துச் சந்திராவத்துகள் கலகம் செய்தபோது படையனுப்பி அடக்கினார். வழிப்பறி செய்த பில்லர்களிலும் அடங்காதவர்களைத் தண்டித்தார். ஆனால் தண்டித்ததோடு விட்டுவிடவில்லை. மலைக்காட்டிலே வேறு பிழைப்பில்லாதவன் என்ன செய்வான் என்று ஆராய்ந்து, தங்கள் மலைவழியே செல்லும் சரக்குகளுக்குச் சிறு சுங்கம் வாங்கிக்கொள்ளும் பழைய உரிமையை அவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார். அதற்கு ஈடாக, வழியின் காவலும், களவுபோன பொருளை மீட்டுத் தரும் பொறுப்பும் அவர்களுடையன. கள்வனையே காவலனாக்கும் இவ்வித்தையை, முரட்டுப்பிள்ளையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துத் திருத்தும் தாய்மார் பலர் அறிவர்.

அவருடைய திருப்பணிகள் யாவரும் அறிந்தவை. காசி விசுவநாதர் ஆலயத்தை 1780-இல் மீளக் கட்டியவர் அவரே. கயையிலும் சோமநாதத்திலும் அவர் எடுப்பித்த ஆலயங்கள் உள்ளன. கேதாரநாதம் தொட்டு நம் இராமேசுவரம்வரை அவர் அறங்கள் பரந்திருந்தன. ஆயினும் நாம் சொல்ல விரும்புவது அவற்றின் கணக்கு. ஹோல்கார் குடும்பத்து மாதர்க்கென்று 1734 முதலே பேஷ்வாவால் விடப்பட்ட காஸ்கி என்னும் தனிச்சொத்து இருந்தது. அறச்செலவை அவர் அத்தனிப்பணத்தினின்றே செய்தார். குடிகளின் வரிப்பணத்தை அதிலே கலக்கவிடவில்லை. பொதுப்பணத்தையும் சொந்தப்பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கும் நண்பர்கள் இப்பகுதியை இருமுறை வாசிப்பாராக.

மகேசுவரத்திலே வெளியூர் நெசவாளரை வரவழைத்துக் குடியேற்றியதும் அவரே. அங்கு நெய்யப்படும் மகேசுவரிச் சேலைகள் இன்றும் பெயர் பெற்றவை. தம் தொழில் வளரக் கண்டு மகிழ்ந்தாரேயன்றித் தம் புகழ் வளர அவர் இடங்கொடுத்தாரில்லை. புலவர் ஒருவர் அவரைத் துதித்து நூலெழுதிக் கொணர்ந்தபோது, முழுவதும் பொறுமையாகக் கேட்டு, இத்தனைக்கும் தாம் தகுதியற்றவர் என்று கூறி, அந்நூலை நருமதையில் எறியச் செய்தார். பாவம், அப்புலவர்!

இனி எழுதக் கை தயங்கும் ஒரு செய்தி உண்டு. அவருக்கு எஞ்சியிருந்தவள் மகள் முக்தாபாய் ஒருத்தியே. அவளுடைய மகன் இளமையிலே மாண்டான். 1791-இல் கணவர் யசுவந்த ராவ் பான்சேயும் இறந்தார். முக்தாபாய் உடன்கட்டை ஏற முடிவு செய்தாள். நாடாளும் அன்னை மகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். தாய்க்கு இன்னும் சில ஆண்டுகளே, அதன்பின் தனக்கு யார் என்று மகள் எண்ணினாள்; மனம் மாறவில்லை. 37 வருஷங்களுக்கு முன் மாமனாரின் கண்ணீர் எதைச் செய்ததோ அதனைத் தாயின் கண்ணீர் செய்யவில்லை. அம்மையார் ஊர்வலத்தோடு நடந்து சென்று சிதையருகே நின்றார். தீ மூண்டதும் நிலை குலைந்து, இருபுறமும் பிராமணர் பற்றியிருந்த தம் கைகளை விடுவிக்க மாட்டாமல் கடித்துக்கொண்டார். பின்னர் நருமதையில் நீராடி அரண்மனைக்குச் சென்றவர் மூன்று நாள் உணவுகொள்ளவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. எத்தனையோ விதவைகளின் சொத்தைக் காத்தவருக்கும், விதவையான தம் மகளின் உயிரை அவ்வழக்கத்தினின்று காக்கும் வலியில்லாமற்போயிற்று. அவ்வழக்கத்தைத் தம் நாட்டிலே முன்னரே விலக்கியிருக்கலாகாதா என்று நாம் கேட்கின்றோம். அக்கேள்வியை அம்மூன்று நாளும் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கின்றோம்.

நான்காம் நாள் எழுந்து, மகளுக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பும் வேலையைத் தொடங்கினார். சபைக்கும் மறுபடி வந்தார். 1795-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி, எழுபதாம் வயதிலே மகேசுவரத்திலே காலமானார்.

1797-இல் துக்கோஜியும் மாண்டார். அவர் புதல்வர் தம்முள் பொருதனர்; நாடு பாழ்பட்டது; 1817-இல் மகித்பூரிலே ஹோல்கார் சேனை ஆங்கிலேயரிடம் தோற்றது. அப்போரிலே ஆங்கிலச் சேனையின் ஒரு பிரிவை நடத்திய சர் ஜான் மால்கம் என்பார் பின்னர் மாளவத்து நிர்வாகியாகி, அகல்யாபாயைப்பற்றிப் பல ஜாதியாரிடமும் விசாரித்தார். ஹோல்கார் வீட்டார் மிகைப்படுத்திச் சொல்கின்றனரோ என்ற ஐயத்தாலே அயலாரையும் கேட்டார். கேட்கக் கேட்க மதிப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. 1823-இல் அவர் வெளியிட்ட மத்திய இந்திய சரித்திரத்திலே போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் இடையே ஊரார் நினைவிலிருந்த இச்செய்திகளும் இருக்கின்றன: கோடையிலே வழிப்போக்கர்க்குத் தண்ணீர் வார்க்க அம்மையார் ஆள் வைத்திருந்தார், ஏர் உழும் எருதுகளை நிறுத்தி அவற்றுக்கும் நீர் காட்டச் செய்தார், விளைந்த வயல்களிலே உழவர் விரட்டும் பறவைகளுக்கென்று, தாமே விலைகொடுத்துச் சில வயல்களை வாங்கி விட்டிருந்தார்.