திருகுமுளை கண்ட மிற்செல்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1780 இல் பிறந்த அலெக்சாந்தர் மிற்செல், 22 வயதளவில் பார்வையை முற்றாக இழந்தார். பெல்பாஸ்ற்றில் செங்கற்சூளை நடத்தி வாழ்ந்தார்.

சேற்றிலும் மணலிலும் வெளிச்சவீடு நிலைபெறல் அரிதாயிருந்த அக்காலத்தில், இரும்புத் தண்டின் அடியில் அகன்ற திருகுத் தகடு பொருத்தி, அதனை நிலத்துள் முறுக்கி இறக்கும் உபாயத்தைக் கண்டு, 1833 இல் ஆக்கவுரிமை பெற்றார். அத்தகடு மேற்பாரத்தையும் தாங்கும். மேல்நோக்கிய இழுப்பையும் எதிர்க்கும். கட்டடத்தைத் தாங்குங்கால் முளை, கப்பலைப் பிணிக்குங்கால் நங்கூரம், கருவி ஒன்றே. நம் மாணவரோ பெயரைக் கண்டு மயங்குவர்.

1838 இல் தேம்சுக் கழிமுகத்து மாப்பிளின் மணற்றிட்டில் அவர் முறைப்படி ஒன்பது முளைகள் இறக்கப்பட்டன. எழுபது வயது கடந்தும், கோர்க் துறைமுக வெளிச்சவீட்டு வேலைக்குத் தோணியேறிச் சென்று, கையால் தடவியே சோதித்தார். 1853 இல் ஒளியேற்றப்பெற்ற அது இன்றும் நிற்கின்றது. மிற்செல் 1868 இல் பெல்பாஸ்ற்றின் அருகே காலமானார்.