நகைச்சுவை நடிகர் மோலியேர்

மக்களை நகைக்கச் செய்யும் கலை எளியதொன்றன்று. அரங்கின்கண் நடிகனைக் கண்டு மகிழ்ந்த உலகம், அவன் அரங்கினின்று இறங்கியவுடன் அவனை இழிந்தோனாகக் கருதிய காலமும் உண்டு. அத்தகைய காலத்தே பிரஞ்சு நாட்டில் நடிகராகவும் நாடகாசிரியராகவும் விளங்கிய மோலியேர் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவரது இயற்பெயர் ழான் பப்தீஸ்த் பொக்லேன் என்பது. 1622-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் பாரிஸ் நகரத்துத் தூய யூஸ்தாஷ் ஆலயத்தில் இவர் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் இருக்கைகளுக்கு மெத்தையும் மாளிகைகளுக்குத் திரைச்சீலையும் அமைக்கும் தொழிலினர். அரண்மனையிலும் அப்பணி பூண்டவர். அப்பதவி தந்தைக்குப்பின் மைந்தருக்கு உரியது. பத்து வயதில் அன்னையை இழந்த மோலியேர், இயேசு சபைக் குரவர் நடத்திய கிளெர்மோன் கல்லூரியில் கற்றனர் என்பர்.

செல்வமும் மதிப்பும் நல்கும் குடித்தொழில் காத்திருக்க, அவரது உள்ளமோ நாடகத்தையே நாடிற்று. 1643-இல் அவர் அரண்மனைப் பதவியின் உரிமையைத் துறந்து, மத்லேன் பெழார் என்னும் நடிகையார் முதலியோருடன் ஒரு நாடகக் குழுவை நிறுவினார். குழு தழைக்கவில்லை. அரங்கில் ஏற்றிய மெழுகுவர்த்திகளின் விலையையும் கொடுக்க இயலாமல், 1645-இல் கடனுக்காகச் சிறை புகுந்தார். விடுதலை பெற்றபின் குழுவினருடன் பாரிஸை விட்டகன்று, ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் நாட்டுப்புற நகரங்களில் நடித்துத் திரிந்தார். உழவர், வணிகர், வழக்கறிஞர், மருத்துவர் ஆகிய பலதிறத்தாரையும் அவர் நேரிற்கண்டு பயின்றது அவ்வாண்டுகளிலேயாம்.

1658-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள், பதினான்காம் லூயி மன்னர் திருமுன் இக்குழுவினர் கொர்னேய் என்னும் புலவரின் அவலநாடகம் ஒன்றை நடித்தனர். அது அவையினரை அத்துணைக் கவரவில்லை. உடனே மோலியேர் முன்வந்து, தாம் எழுதிய சிறு நகைநாடகம் ஒன்றை நடிக்க விடை வேண்டினார். மன்னர் கண்டு நகைத்தார்; குழுவிற்குப் பாரிஸில் ஓர் அரங்கும் கிடைத்தது. அவலச்சுவையில் புகழ்பெற விரும்பிய மோலியேருக்கு நகைச்சுவையே உரிய துறையென்பது அன்று தெளிவாயிற்று.

எள்ளலும் பேதைமையும் நகைக்கு நிலைக்களன் என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். அவ்விரண்டையும் மோலியேர் நன்கு ஆண்டார். 1668-இல் அரங்கேறிய 'உலோபி' என்னும் நாடகத்தில் பொருட்பித்தனையும், 1670-இல் அரங்கேறிய மற்றொன்றில் பெருமக்களைப் போல ஒழுக முயலும் வணிகனையும் படைத்து, அவ்வேடங்களைத் தாமே தாங்கினார். தம்மை வருத்திய இருமலையே உலோபியின் இருமலாக்கி மக்களை நகைப்பித்தார் என்பர்.

அவரது நாடகங்களுள் பெரும் பூசலை விளைத்தது 'தார்த்தூப்' ஆகும். பத்திவேடம் பூண்ட வஞ்சகன் ஒருவன் செல்வன் ஒருவனது இல்லத்திற் புகுந்து, அவன் பொருளைக் கவர்ந்து, மனைவியையும் விரும்புகின்றான். வஞ்சகனின் உண்மை இயல்பைக் காட்ட, அம்மனைவி தன் கணவனை மேசையின்கீழ் ஒளித்துவைத்து அவன் பேச்சைக் கேட்கச் செய்கின்றாள். 1664-இல் வெர்சாய் அரண்மனையில் இது முதன்முதல் நடிக்கப்பெற்றதும், சமயப் பற்றுடையார் பலர் சினந்தெழுந்தனர். மன்னர் பொதுமக்கள்முன் இதனை நடித்தலைத் தடுத்தார். 1667-இல் பெயர் மாற்றி நடித்தபோது மீண்டும் தடை பிறந்தது. பாரிஸ் பேராயர், இதனைக் காண்போரும் படிப்போரும் திருச்சபைக்குப் புறம்பாவர் என அறிவித்தார். தாம் பழித்தது பொய்ப்பத்தியையேயன்றி மெய்ப்பத்தியை அன்று என மோலியேர் மன்னருக்கு விண்ணப்பித்தார். ஐந்தாண்டுப் போராட்டத்தின்பின், 1669-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 5-ஆம் நாள் தடை நீங்கி நாடகம் வெளிப்பட்டது. களையைப் பறித்தல் பயிரைப் பகைத்தலாகாது என்பது நம் கருத்து.

1673-இல் 'கற்பனை நோயாளி' அரங்கேறியது. நோயின்றியே நோயஞ்சுவானது வேடத்தை, மெய்யாகவே நுரையீரல் நோயுற்றிருந்த மோலியேர் தாங்கினார். பெப்ருவரி 17-ஆம் நாள் நான்காம் முறை நடிக்கையில், ஓய்வுகொள்ளுமாறு உற்றார் வேண்டவும், அன்றாடக் கூலியை நம்பிய தொழிலாளர் ஐம்பதின்மரை நினைந்து மறுத்தனர் என்பர். இறுதிக் காட்சியில் வலிப்புக் கண்டது. அதனைச் சிரிப்பால் மறைத்து நாடகத்தை முடித்தார். அன்றிரவே தம் இல்லத்தில் உயிர்நீத்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

நடிகர் தம் தொழிலைக் குருவின்முன் துறந்தாலன்றி இறுதித் திருச்சடங்குகளைப் பெறலாகாது என்பது அந்நாளைய விதி. அவர் உயிர் ஊசலாடும்போது அழைக்கப்பட்ட குருமார் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வருமுன் உயிர் பிரிந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்துக் குருவும் அவரை அடக்கஞ்செய்ய இசையவில்லை. மனைவியார் ஆர்மாந்த் மன்னரடி சேர்ந்து முறையிட்டார். அதன்பின்னரே, ஆரவாரமின்றி இரவில் அடக்குமாறு பேராயர் இசைந்தார். 21-ஆம் நாள் இரவு, தீவர்த்தி ஏந்திய மக்கள் பலர் பின்தொடர, அவர் உடல் மண்ணிற் சேர்ந்தது.

1680-இல் அவர்தம் குழு பிறிதொரு குழுவுடன் இணைந்து பிரஞ்சு அரசின் நாடக மன்றமாயிற்று. மோலியேர் இல்லம் என்றே அதனை இன்றும் வழங்குவர். இறுதிநாளில் அவர் அமர்ந்து நடித்த நாற்காலி ஆண்டுப் போற்றப்படுகின்றது. அவரை உறுப்பினராக ஏற்காத பிரஞ்சுக் கல்விக் கழகமும் 1778-இல் அவரது மார்பளவுச் சிலையைத் தன் மன்றத்தில் நிறுவியது.

கிறிஸ்தவராகிய நாம் அவ்விரவடக்கத்தை எண்ணி நாணுதற்கு இடமுண்டு. அவருக்கு மண்ணையும் மறுத்தோரின் பெயரை அறிவார் இன்று அரியர். பொய்ம்மையை நகைத்துத் திருத்த முயன்ற அவரது பெயரோ, நாடகம் உள்ளளவும் நிலைபெறும்.