தூய்மை கற்பித்த ஆசான்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1856ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். 1872ஆம் ஆண்டு ஹாம்ப்டன் பள்ளி விடுதியில் சேர்ந்தபோது, படுக்கையில் இரண்டு விரிப்புகளைக் கண்டு திகைத்தார். முதல்நாள் இரண்டிற்கும் அடியிலும், மறுநாள் இரண்டிற்கும் மேலும் உறங்கினார். பிறரைப் பார்த்தே, இரண்டிற்கும் இடையில் உறங்கும் முறையை அறிந்தார். நீராடலின் அருமையையும் அங்கேயே உணர்ந்தார்.

1881ஆம் ஆண்டு டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைமையேற்ற அவர், மாணவர் ஒவ்வொருவரும் பல்துலக்கும் தூரிகை வைத்திருத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். ஓர் அறையில் மாணவியர் மூவர் ஒரே தூரிகையைக் கூட்டாக வாங்கி வைத்திருந்தனர். ஆளுக்கொன்று வேண்டுமென்பதை விரைவிலேயே கற்றனர். நாள்தோறும் நீராடவும், இரு விரிப்புகளுக்கிடையே உறங்கவும் அங்குப் பயிற்றப்பட்டது.

1915ஆம் ஆண்டு மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. அறியாமை இழிவன்று, விரிப்பின் பயனறியாது விழித்த மாணவரே பின்னாளில் அதனைக் கற்பிக்கும் ஆசானானார்.