ஆழிக்குமரன் ஆனந்தன்: குத்தும் கைகளைத் தாங்கிய கால்கள்

ஆழிக்குமரன் ஆனந்தன் என்றதும் எங்கள் மக்களுக்கு நினைவில் வருவது கடல்தான். வல்வெட்டித்துறையின் மைந்தன். 1971ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலை ஒரே மூச்சில் போகவும் வரவுமாக 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தவர். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரை விட்டவர். ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் எழுதப்படும் நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டு செய்திகளோடு முடிந்துவிடுகின்றன.

ஆனால் அவருடைய சாதனைகளில் பல தரையில் நிகழ்த்தப்பட்டவை. அவற்றுள் ஒன்று குத்துச்சண்டை வீரர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தொங்கு பந்தை இடைவிடாது குத்தியது. 136 மணித்தியாலம் 28 நிமிடம். அதாவது ஐந்து பகல், ஐந்து இரவு, அதற்கு மேலும் பதினாறு மணித்தியாலங்களுக்குக் கூடுதலான நேரம். இந்தப் பிரிவில் அதுவரை பேசப்பட்டது 1955இல் அவுஸ்திரேலியர் ஒருவர் நிலைநாட்டிய 125 மணித்தியாலம் 20 நிமிடம். ஆனந்தன் அதைப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் தாண்டினார். உலக சாதனை நூலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இலங்கை என்று இருந்தது.

ஒரு மனிதனின் கை இவ்வளவு நேரம் எப்படிக் குத்தும்? அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது?

குத்து கையில் தொடங்குவதில்லை

கொழும்பில் குத்துச்சண்டை புதிய விளையாட்டு அல்ல. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கம் வென்றதும் குத்துச்சண்டையில்தான். கொட்டாஞ்சேனைப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகள் பல தலைமுறையாக இந்த விளையாட்டை அறிவார்கள். புதிதாகக் கையுறை போடும் பிள்ளை எல்லாப் பலத்தையும் தோளிலும் முழங்கையிலும் தேடும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் வீசும். பத்து நிமிடத்தில் களைத்துப்போகும்.

உண்மையில் பலமான குத்து பாதத்தில் தொடங்குகிறது. பின்காலின் முன்பாதம் நிலத்தை உதைக்கிறது. நிலம் அதே விசையைத் திருப்பித் தருகிறது. அது முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு திரும்பும்போது உடலின் நடுப்பகுதி முழுவதும் அதனோடு திரும்புகிறது. தோளும் கையும் அந்த விசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசிக் கண்ணிகள் மட்டுமே. முட்டி இலக்கைத் தொடும் வரை கை தளர்வாக இருக்க வேண்டும். தொடும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். முன்கூட்டியே இறுக்கினால் வேகம் போய்விடும்.

ஆனந்தன் மறைந்த மறு ஆண்டு, 1985இல், வெளியான ஓர் ஆய்வில் சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களை அளந்து பார்த்திருந்தார்கள். உயர்தர வீரர்களின் குத்து விசையில் ஏறக்குறைய 38 சதவீதம் கால்களிலிருந்தும் 37 சதவீதம் உடல் திருப்பத்திலிருந்தும் வந்தன. கையின் பங்கு 24 சதவீதம் மட்டுமே. கீழ்த்தர வீரர்களிடம் கால்களின் பங்கு 17 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. தேர்ந்தவனையும் தேராதவனையும் பிரித்துக் காட்டியது கால்தான்.

ஆனந்தன் செய்தது ஓங்கிக் குத்தி ஒருவரை வீழ்த்தும் வேலை அல்ல. தொங்கு பந்துக்குப் பெரும் விசை தேவையில்லை. தாளம்தான் தேவை. பந்து போய் மோதித் திரும்பும் நேரத்துக்குக் கை சரியாக வந்து நிற்க வேண்டும். ஆனால் கைகள் எப்போதும் உயர்ந்தே இருக்க வேண்டும். மனித உடலின் எடையில் ஒரு கை மட்டும் சுமார் 5 சதவீதம். எழுபது கிலோ உடலுள்ளவருக்கு இரு கைகளும் சேர்ந்து ஏழு கிலோ. அந்தச் சுமையைத் தோள் மட்டும் தாங்கினால் ஒரு மணித்தியாலமே பெரும்பாடு. உடல் முழுவதும் அசைந்து, எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி, அந்த அசைவில் கையும் சேர்ந்து போனால்தான் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். அதோடு தூக்கம் என்ற எதிரியும் உண்டு. இரண்டாம் இரவுக்குப் பின் கண் பார்ப்பதை மூளை நம்பாது. தாளம் தவறும். அக்காலத்தில் இத்தகைய நீண்ட நேரச் சாதனைகளுக்குப் பொதுவாக அனுமதிக்கப்பட்ட ஓய்வு மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம்தான்.

ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம்

ஆனந்தனின் கால்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு இன்னொரு சாதனையே சாட்சி. 1980 மே மாதம் கொழும்பில் அவர் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். தூக்கிய காலை நிற்கும் காலின் மேல் வைக்கக்கூடாது, எதையும் பிடிக்கவோ எதிலும் சாயவோ கூடாது என்பது விதி. ட்விஸ்ட் நடனத்தை 128 மணித்தியாலம் தொடர்ந்து ஆடியதும் அதே கால்கள்தான். ஒற்றைக்கால் சாதனையை 1982 ஒக்டோபரில் ஒரு மணித்தியாலம் கூட நின்று முறியடித்தவர் தமிழகத்தின் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ரவி. அதுவும் ஒரு தமிழரிடமிருந்து இன்னொரு தமிழரிடம் போனது.

1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் நின்ற நிலையில் மிதந்தார். மேற்சொன்ன எல்லாவற்றிலும் இதுவே தனி ரகம். தண்ணீரில் உதைக்க நிலம் இல்லை. காலால் தண்ணீரைத் தொடர்ந்து அழுத்தித்தான் உடலை நிமிர்த்தி வைக்க வேண்டும். நிறுத்தினால் தாழும். நிலம் தராத பலத்தை ஒவ்வொரு நொடியும் தானே உண்டாக்க வேண்டும்.

வல்வெட்டித்துறையிலிருந்து கொழும்புக்கு

1943இல் பிறந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் கடலோடிகளின் ஊரில் வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்த 1954இல், அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். கரையோரப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பெரும் செய்தி. பின்னர் ஆனந்தன் கொழும்பில் வாழ்ந்தார், சட்டம் படித்தார். அவருடைய சாதனைகள் சில இந்தத் தலைநகரத்து மக்களின் கண்முன்னே நடந்தவை.

அதே தலைநகரத்தில்தான் 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் அகதி முகாம்களிலும், பிறகு வடக்கே போகும் கப்பல்களிலும் ஏறினார்கள். தமிழர் பலருக்கு இலங்கை என்ற பெயரைச் சொல்லவே நா எழாத காலம் அது. ஓராண்டு கழிந்து சில நாட்களில், அந்த நாட்டின் சாதனையாளராக உலகம் அறிந்திருந்த ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார்.

கால்வாயின் மிகக் குறுகிய தூரம் சுமார் 33 கிலோமீற்றர். அவர் 1971இல் நீந்தியது ஏறக்குறைய அதன் இரு மடங்கு. தூரம் அவருக்குப் புதிதல்ல. தண்ணீர்தான் வேறு. பாக்குநீரிணை ஆண்டு முழுவதும் இளஞ்சூடு. ஆங்கிலக் கால்வாயோ ஓகஸ்டிலும் பதினேழு, பதினெட்டு பாகையைத் தாண்டுவது அரிது. குளிர்நீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். முதலில் விரல்களும் கைகளும் மரக்கும், பிறகு தசைகள் சொல்வழி கேளாது. ஐந்து இரவுகள் தூங்காமல் குத்திய உடலும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. வயது 41. அவர் கரை சேரவில்லை.

போர் எங்களிடமிருந்து விளையாட்டரங்குகளையும் பயிற்சியாளர்களையும் தலைமுறைகளையும் பறித்தது. பதிவேடுகளும் புகைப்படங்களும் வீடுகளோடு போயின. ஆனந்தனின் பெயர் மிஞ்சியிருக்கிறது. அவர் எப்படிச் செய்தார் என்பது மெல்ல மறைகிறது. இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளை முதன்முதலில் கையுறை போட்டு நிற்கும்போது, பார்த்து நிற்கும் பெரியவர்கள் இந்த மனிதரின் கதையைச் சொல்லலாம். சொல்லிவிட்டு, பிள்ளை தன் பாதங்களை எங்கே வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்கலாம்.